உங்களுக்குத் தெரியுமா? 800 மீட்டருக்காக 35 கிலோமீட்டர் ஓடியவர்

நடுத்தூர ஓட்டம் என்றதும் செபாஸ்டியன் கோ, டேவிட் ருதீஷா என்று பெயர்கள் வரிசையாக நினைவுக்கு வரும். அந்த வரிசையில் முதலில் வர வேண்டிய நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல்லை நம் ஊரில் அதிகம் பேர் அறிந்திருக்கவில்லை. அவர் உச்சத்தில் இருந்தது ஐந்தாறு வருடம்தான். அதற்குள் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், வரிசையாக உலக சாதனைகள் படைத்தார். இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அவருக்கே.

★ 1960 செப்டம்பர் 2, ரோம். 800 மீட்டர் இறுதிப் போட்டி. பெல்ஜியத்தின் ரோஜர் மோயன்ஸ்தான் ஜெயிப்பார் என்பது பொதுவான கணிப்பு. 1955-லிருந்து உலக சாதனை அவர் பெயரில் இருந்தது. எதிர்பார்த்தபடியே கடைசி நேர்கோட்டில் அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் யாராவது நெருங்குகிறார்களா என்று வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். இடப்பக்கம், உள்விளிம்பை ஒட்டிக் கிடைத்த சந்தில் ஒரு கறுப்பு பனியன் நுழைந்துவிட்டது. அதுதான் 21 வயது ஸ்னெல். நாடாவை நோக்கி அப்படியே உடம்பை வீசினார். ஜெயித்தது யார் என்று அவருக்கே தெரியவில்லை. யார் ஜெயித்தது என்று மோயன்ஸிடமே கேட்டார். நீதான் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஸ்னெல் 1 நிமிடம் 46.3 விநாடி, மோயன்ஸ் 1 நிமிடம் 46.5 விநாடி.

★ அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் அதே மைதானத்தில் நியூசிலாந்துக்கு இன்னொரு தங்கமும் கிடைத்தது. 5,000 மீட்டரில் முர்ரே ஹால்பெர்க் மூன்று சுற்று மிச்சம் இருக்கும்போதே பிய்த்துக்கொண்டு ஓடினார். கடைசி வரை யாராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. ரக்பி ஆட்டத்தில் பட்ட காயத்தால் ஹால்பெர்குக்கு இடது கை சரியாக இயங்காது. சில நாள் கழித்து பாரி மேகி மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். மூவருமே ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற ஒரே மனிதரிடம் பயிற்சி பெற்றவர்கள். அன்றைய நியூசிலாந்தின் மொத்த மக்கள்தொகை 25 லட்சத்துக்கும் குறைவு.

★ ரோமில் 800 மீட்டருக்கு மூன்று நாளில் நான்கு சுற்று வைத்தார்கள். முதல் நாளிலேயே இரண்டு. ஸ்னெல்லுக்கு இது நன்றாகவே கைகொடுத்தது. வேகத்தை மட்டும் நம்பி வந்தவர்களுக்கு நான்காவது ஓட்டத்தில் கால் கனத்தது. அவருக்குக் கனக்கவில்லை.

★ யார் இந்த லிடியார்ட்? செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விடியற்காலையில் வீடு வீடாகப் பாலும் போட்டவர். பெரிய பட்டம் எதுவும் இல்லை. ஓடினால் உடம்பு என்ன ஆகிறது என்பதை வருடக்கணக்கில் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். வாரத்துக்கு எத்தனை மைல் ஓடினால் பலம் கூடுகிறது, எத்தனை மைலில் உடம்பு உடைகிறது என்று கூட்டியும் குறைத்தும் பார்த்து ஒரு முறையை வகுத்தார். அந்தச் சோதனைகளுக்கு நடுவே 1953, 1955 இரண்டு வருடமும் நியூசிலாந்து மாரத்தான் சாம்பியன் பட்டத்தையும் வென்றார். இவரை அனுபவத்தால் மட்டும் கற்றவர் என்று சிலர் ஒதுக்கிப் பேசியதுண்டு. அந்த அனுபவத்துக்கு ஈடான ஆய்வுக்கூடம் அன்று உலகத்தில் எங்கும் இல்லை என்பது என் எண்ணம்.

★ லிடியார்டிடம் சேரும்போது ஸ்னெல்லுக்கு வயது 19. அதுவரை டென்னிஸ், ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி, கோல்ஃப், பாட்மிண்டன் என்று கையில் கிடைத்த விளையாட்டை எல்லாம் விளையாடிக்கொண்டிருந்த பையன். அதிலும் டென்னிஸ்தான் உயிர். தேசிய ஜூனியர் போட்டி வரை போயிருக்கிறார்.

★ ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாகரே மலைத்தொடர். அதில் வையாடாருவா என்ற ஊர் வழியாக ஏறி இறங்கித் திரும்பும் 22 மைல் சாலைச் சுற்று ஒன்று உண்டு. கணக்குப் போட்டால் 35 கிலோமீட்டர். ஞாயிறுதோறும் லிடியார்டின் பையன்கள் அதை ஓடியாக வேண்டும். மாரத்தான்காரர், 5,000 மீட்டர்காரர், இரண்டே சுற்றில் பந்தயம் முடிந்துவிடுகிற 800 மீட்டர்காரர் என்ற பேதமே கிடையாது. எல்லோருக்கும் அதே மலை, அதே தூரம். வாரக் கணக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் மற்ற நாடுகளின் பயிற்சியாளர்கள் 800 மீட்டர்காரரை ஓடுதளத்தை விட்டே வெளியே விடமாட்டார்கள். 200 மீட்டர், 400 மீட்டர் என்று துண்டு துண்டாக விரட்டி, நடுவில் சற்று மூச்சு வாங்கவிட்டு மறுபடி விரட்டுவார்கள். 80 கிலோ எடையுள்ள ஓர் இளைஞனை மலையில் இரண்டரை மணி நேரம் ஓடவிடுவது அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

★ அதற்காக வேகப் பயிற்சியை லிடியார்ட் கைவிட்டுவிடவில்லை. முதல் சில மாதம் தூரம் மட்டும். அடுத்து சில வாரம் மேட்டில் துள்ளித் துள்ளி ஏறும் பயிற்சி. கடைசியில்தான் ஓடுதளத்தில் வேகம், அதுவும் பந்தயத் தேதிக்குப் பத்து வாரம் இருக்கும்போது. பந்தயத் தேதியில் உடம்பு உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்னோக்கிக் கணக்குப் போடுவார். இன்று உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் பருவம் பிரித்துத் திட்டம் போடுகிறார்கள். அதைத் தடகளத்தில் இவ்வளவு தெளிவாகச் செய்து காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர்.

★ 1961 டிசம்பரில் ஒலிம்பிக் 800 மீட்டர் சாம்பியன் ஒரு முழு மாரத்தான் ஓடினார்! நேரம் 2 மணி 41 நிமிடம். ஏழெட்டு வாரம் கழித்து என்ன நடந்தது என்பது அடுத்த துணுக்கில்.

★ 1962 ஜனவரி 27, வாங்கனூய் என்ற சிறிய ஊர். குக்ஸ் கார்டன்ஸ் மைதானத்தில் மைல் ஓட்டம். சுண்ணாம்புக் கோடு போட்ட புல்தரை. ஸ்னெல் 3 நிமிடம் 54.4 விநாடியில் ஓடி முடித்தார். ஹெர்ப் எலியட் 1958-ல் டப்ளினில் படைத்த உலக சாதனை 3 நிமிடம் 54.5 விநாடி. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் அது கைமாறியது. இரண்டாவதாக வந்தவர் இங்கிலாந்தின் புரூஸ் டுல்லோ, வெறுங்காலில் ஓடுவதற்குப் பேர்போனவர்.

★ ஒரே வாரம் கழித்து, பிப்ரவரி 3. கிறைஸ்ட்சர்ச் நகரின் லங்காஸ்டர் பார்க். இதுவும் புல்தரைதான். ஓடியது 880 கஜப் பந்தயம். 800 மீட்டரைவிட ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம்தான் அதிகம். எனவே 800 மீட்டர் கோட்டிலும் கடிகாரத்தோடு ஆட்கள் நின்றார்கள். அந்தக் கோட்டைக் கடந்தபோது 1 நிமிடம் 44.3 விநாடி, 880 கஜம் முடித்தபோது 1 நிமிடம் 45.1 விநாடி. ஒரே ஓட்டத்தில் இரண்டு உலக சாதனை. மோயன்ஸின் 800 மீட்டர் சாதனையிலிருந்து 1.4 விநாடியை ஒரேயடியாகக் கழித்துவிட்டார். ஸ்னெல்லின் பதக்கங்கள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் எனக்கு இந்தக் கிறைஸ்ட்சர்ச் ஓட்டம்தான் பெரிது. ரப்பர் போல் மீளும் செயற்கைத் தளம் இல்லை, இன்றைய ஷூ இல்லை. காலை உள்வாங்கும் புல்லில் அந்த நேரம்!

★ அந்த 1 நிமிடம் 44.3 விநாடி எத்தனை நாள் நின்றது? 1968-ல் மெக்சிகோவில் ஆஸ்திரேலியாவின் ரால்ஃப் டூபெல் செயற்கைத் தளத்தில் ஓடி அதைச் சமன் செய்தார். 1972-ல் அமெரிக்காவின் டேவ் வாட்டில் இன்னொரு முறை சமன் செய்தார். 1973-ல் இத்தாலியின் மார்செலோ ஃபியாஸ்கொனாரோதான் அதை முறியடித்தார். நியூசிலாந்தின் தேசிய சாதனையாக அது 2024 வரை, 62 வருடம், அசையாமல் இருந்தது.

★ 1962 கடைசியில் பெர்த் நகரில் காமன்வெல்த் போட்டிகள். 880 கஜம், மைல் இரண்டிலும் தங்கம்.

★ 1964 டோக்கியோ. 800, 1,500 இரண்டிலும் இறங்கினார். எட்டு நாளில் ஆறு ஓட்டம். 800 மீட்டர் இறுதியில் உள்தடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டார். முன்னாலும் ஆள், பக்கத்திலும் ஆள். இடித்துக்கொண்டு வெளியேறப் பார்க்கவில்லை. வேகத்தைக் குறைத்து, பின்னால் நழுவி, வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து எல்லோரையும் தாண்டினார். தூரம் கூடுதல்தான். அதைத் தாங்குகிற மூச்சு அவரிடம் இருந்தது. 1 நிமிடம் 45.1 விநாடி, ஒலிம்பிக் சாதனை.

1,500 மீட்டர் இறுதியிலும் கடைசிச் சுற்றில் அதே நெருக்கடி. இந்த முறை பின்னால் நழுவவில்லை. சைக்கிளில் திரும்புகிறவர் கை காட்டுவது போல் கையை நீட்டினார். பக்கத்தில் ஓடிய இங்கிலாந்தின் ஜான் வெட்டன் விலகி வழிவிட்டார்! ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் இப்படி ஒரு மரியாதை. வழி கிடைத்ததும் ஸ்னெல் கிளம்பினார், அதோடு பந்தயம் முடிந்தது. 3 நிமிடம் 38.1 விநாடி. இரண்டாவதாக வந்தவர் ஒன்றரை விநாடி பின்னால். 1,500 மீட்டரில் அது பல மீட்டர்.

★ ஒரே ஒலிம்பிக்கில் 800, 1,500 இரண்டையும் அதற்கு முன் வென்றவர் 1920 ஆண்ட்வெர்ப்பில் இங்கிலாந்தின் ஆல்பர்ட் ஹில். ஸ்னெல்லுக்குப் பிறகு ஆண்களில் இன்று வரை ஒருவரும் இல்லை. பெண்களில் டாட்டியானா கசான்கினா, ஸ்வெட்லானா மாஸ்டர்கோவா, கெல்லி ஹோம்ஸ் என மூவர் சாதித்திருக்கிறார்கள்.

★ டோக்கியோவில் அவரோடு ஓடியவர்களிலும் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். 800 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர் வில்சன் கிப்ருகட். கென்யாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். பின்னால் நடுத்தூர, நெடுந்தூர ஓட்டங்களையே ஆளப்போகிற நாட்டின் கணக்கு அங்கே தொடங்கியது. 1,500 மீட்டரில் வெள்ளி வாங்கிய செக்கோஸ்லோவாகியாவின் யோசெப் ஓட்லோசில், நான்கு வருடம் கழித்து மெக்சிகோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது அங்கேயே ஜிம்னாஸ்டிக்ஸ் ராணி வேரா சாஸ்லாவ்ஸ்காவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

★ டோக்கியோ முடிந்து ஊர் திரும்பிய கையோடு, நவம்பரில் ஆக்லாந்தில் 1,000 மீட்டர் உலக சாதனை, 2 நிமிடம் 16.6 விநாடி. சில நாளில் தன் மைல் சாதனையையும் 3 நிமிடம் 54.1 விநாடியாகத் திருத்தினார்.

★ 1965-ல் ஓட்டத்தை விட்டுவிட்டார். வயது 26. அன்றைய அமெச்சூர் விதிப்படி ஓடிக் காசு சம்பாதிக்க முடியாது. மூன்று தங்கம் வாங்கியவர் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு சிகரெட் கம்பெனியின் மக்கள் தொடர்பு வேலையில் இருந்தார். இன்றைய வீரர்களின் ஒப்பந்தத் தொகைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்தத் தலைமுறை நினைவுக்கு வந்து மனசு கனக்கிறது.

★ பிறகு அவர் எடுத்த முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 30 வயதைத் தாண்டிய பிறகு அமெரிக்கா போய், டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராகச் சேர்ந்தார். அடுத்து வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி உடலியங்கியலில் முனைவர் பட்டம். 1981-ல் டல்லஸ் நகரின் தென்மேற்கு மருத்துவ மையத்தில் ஆய்வாளரானார். 35 கிலோமீட்டர் மெதுவாக ஓடிய ஒருவன் 800 மீட்டரை எப்படி வேகமாக ஓட முடிந்தது என்ற கேள்வி அவரை விடவே இல்லை.

அவர் சொன்ன விளக்கம் இது. தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்குபவை ஒன்று, வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைப்பவை இன்னொன்று. நிதானமாக ஓடும்போது முதல் வகைதான் வேலை செய்யும். ஒன்றரை மணி நேரம் தாண்டினால் அவற்றில் சேமித்த கிளைகோஜன் என்ற எரிபொருள் தீரத் தொடங்கும். அப்போது உடம்பு வேறு வழியின்றி வேக இழைகளை வேலைக்குக் கூப்பிடும். ஆகவே மலைச் சுற்றின் பின்பாதியில் ஸ்னெல் மெதுவாக ஓடிக்கொண்டே தன் வேக இழைகளுக்குத் தாங்கும் திறனைப் பழக்கிக்கொண்டிருந்தார். கடைசி 100 மீட்டரில் மற்றவர்கள் தளர்ந்தபோது அவர் தளராததற்குக் காரணம் அதுதான். 800 மீட்டருக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியாகவே கிடைக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகளும் சொல்லிவிட்டன.

★ வெறும் ஆரோக்கியத்துக்காக மெதுவாக ஓடும் ஜாகிங் பழக்கத்திலும் லிடியார்டின் பங்கு பெரிது. இதய நோயாளிகள், நடுவயதுக்காரர்கள் என்று ஆக்லாந்து மக்களைச் சேர்த்து ஓடவைத்தார். அதைப் பார்க்க வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் ஊர் திரும்பி ஓரிகன் மாநிலத்தில் பரப்பினார், ஒரு புத்தகமும் எழுதினார். ஃபில் நைட்டோடு சேர்ந்து நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியவரும் இதே பவர்மேன்தான்.

★ ஸ்னெல் பிறந்தது தரானகி கடற்கரையிலுள்ள ஓபுனாகே என்ற சிற்றூரில், 1938 டிசம்பர் 17 அன்று. 2000-ல் நியூசிலாந்தின் நூற்றாண்டு விளையாட்டு வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘சர்’ பட்டம் 2009-ல்தான் வந்தது, அதுவும் அரசு நிறுத்தி வைத்திருந்த பட்டங்களை மீண்டும் கொண்டுவந்த பிறகு. இறந்தது டல்லஸில், 2019 டிசம்பர் 12. இன்னும் ஐந்து நாள் இருந்திருந்தால் 81 முடிந்திருக்கும்.

★ கடைசி வரை விளையாட்டை விடவில்லை. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டில் வழி கண்டுபிடித்து ஓடும் ஓரியன்டியரிங் போட்டியில் 65 வயதுப் பிரிவில் அமெரிக்க சாம்பியன் ஆனார். 2017-ல் ஆக்லாந்தில் மூத்தோருக்கான உலக மாஸ்டர்ஸ் போட்டிகள் நடந்தபோது 78 வயதில் சொந்த நாட்டுக்கு வந்து கலந்துகொண்டார். இறங்கிய விளையாட்டு டேபிள் டென்னிஸ்!