டெர்மினலில் சான்றிதழ் பிழையா?

காஞ்சிபுரத்தில் சேலை வாங்குவோர், தூய பட்டுதானா என அறிய சில்க் மார்க் முத்திரையைத் தேடுவார்கள். இணையதளத்துக்கு எஸ்.எஸ்.எல். சான்றிதழ் அப்படித்தான், நீங்கள் கேட்ட தளம் இதுதான் என உறுதி தரும். அதைத் தரும் நிறுவனங்களில் யாரை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே உள்ளது. 2014 ஜூலையில் நம் என்.ஐ.சி. மூலம் கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியானது தெரியவந்தது. இந்தியச் சான்றுகள் விண்டோஸ் பட்டியலில் இருந்ததால் அதற்கு ஆபத்து. மொசில்லா பட்டியலை நம்பும் லினக்ஸ் தப்பியது.

லினக்ஸ் டெர்மினலில் பைல் இறக்குகையில் சான்றிதழ் பிழை வந்தால், முதலில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். தேதி சரியெனில், சிஏ-சர்டிபிகேட்ஸ் தொகுப்பை அப்டேட் செய்திடவும். சோதனையையே நிறுத்தும் கட்டளையைச் சிலர் சொல்வார்கள். பைல் இறங்கும், யாரிடமிருந்து வந்தது என்பதுதான் தெரியாது.