நீர்மட்டத்தை எட்டும்போது நினைவிழப்பு: மூச்சடக்கி மூழ்குவோர் மயங்குவது ஏன்? மீட்பது எப்படி?

காக்கநாடு (கொச்சி): மூச்சை அடக்கி நீரில் மூழ்குவோர் நினைவிழப்பது பெரும்பாலும் ஆழத்தில் அல்ல, மேலே திரும்பும் கடைசி சில மீட்டர்களிலும், தலை நீருக்கு வெளியே வந்த முதல் சில விநாடிகளிலும்தான். கரைக்கு வந்துவிட்டதாக எல்லோரும் நிம்மதி அடையும் அந்த நேரமே மிகவும் ஆபத்தானது.

கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் கறுப்பு மட்டி சேகரிப்போரில் ஒரு பகுதியினர் இன்றும் மூச்சடக்கி மூழ்கியே அதை எடுக்கின்றனர். 1961-ஆம் ஆண்டுடன் நின்றுபோன தூத்துக்குடி முத்துக்குளிப்பும் மூச்சடக்கும் திறனை நம்பியே நடந்தது. இப்போது பொழுதுபோக்காகவும் போட்டியாகவும் மூழ்குவோருக்கும் இதே ஆபத்து உள்ளது.

மயக்கம் வருவது ஏன்?

மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது முதன்மையாக ஆக்சிஜன் குறைவு அல்ல. இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். மூழ்கும் முன் பலமுறை வேகமாகவும் ஆழமாகவும் மூச்சை இழுத்து விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். ஆனால் இரத்தம் ஏற்கெனவே ஏறக்குறைய முழு அளவு ஆக்சிஜனைச் சுமந்திருப்பதால், அதன் கையிருப்பு பெரிதாக உயராது. இதனால் தவிப்பு தாமதமாகிறது. உடல் எச்சரிக்கும் முன்னரே மூளைக்குச் செல்லும் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. நீச்சல் குளத்தில் நீருக்கடியில் நெடுந்தூரம் நீந்த முயல்வோரும் இவ்வாறே மயங்குகின்றனர்.

கடலில் நீரின் அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், நீர்மட்டத்தில் உள்ளதைப் போல் இரு மடங்கு. அந்த அழுத்தத்தில் நுரையீரலில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜன் எளிதாக இரத்தத்தில் கலக்கிறது. எனவே கீழே இருக்கும்வரை குறை தெரிவதில்லை. மேலே வரும் கடைசி 10 மீட்டரில் அழுத்தம் பாதியாகக் குறையும்போது ஆக்சிஜனின் அழுத்தமும் சட்டென விழுகிறது. முன்னறிகுறி ஏதுமின்றி நினைவு போய்விடலாம்.

மீட்பது எப்படி?

மயங்கியவரின் தொண்டை, நீர் பட்டதும் சிறிது நேரம் இறுகி மூடிக்கொள்வதுண்டு. எனவே உடனே மீட்டால் நுரையீரலுக்குள் நீர் புகாமலே இருக்கலாம். மீட்பவர் முதலில் அவரது முகத்தை நீருக்கு மேல் தூக்கி நிறுத்தி, முகமூடியைக் கழற்ற வேண்டும். கன்னத்தைத் தட்டி, முகத்தில் ஊதி, பெயர் சொல்லி அழைத்து, மூச்சை இழுக்குமாறு கூற வேண்டும். பலர் சில விநாடிகளிலேயே விழித்துக்கொள்வர்.

விழிக்காமலும் மூச்சு விடாமலும் இருந்தால், 108 அல்லது 112 எண்ணுக்குத் தகவல் தரச் சொல்லிவிட்டு, வாயோடு வாய் வைத்து 2 முதல் 5 முறை மூச்சு ஊத வேண்டும். பின்னரும் உயிர்ப்பு தெரியாவிட்டால், படகிலோ கரையிலோ கிடத்தி, 30 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சு ஊதுவதைத் தொடர வேண்டும். நீரில் மூழ்கியவரின் இதயம் ஆக்சிஜன் இன்றி நிற்பதால், மார்பை மட்டும் அழுத்துவது போதாது. வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்குவதும் விலைமதிப்பற்ற நேரத்தை வீணாக்கும். நீரை உள்ளிழுத்தவர் தெளிந்துவிட்டாலும், சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம் என்பதால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

துணையே பாதுகாப்பு

முத்துக்குளிப்பவரின் கயிற்றை மேலே பிடித்திருப்பவர் அவரது மனைவியின் சகோதரராகவே இருப்பார் என்றும், உடன்பிறந்தவள் விதவையாகிவிடக் கூடாது என்பதால் அவர் கண்ணயர மாட்டார் என்றும் தூத்துக்குடி பகுதியில் சொல்வதுண்டு. இன்றைய பயிற்சியாளர்கள் வலியுறுத்துவதும் அதே விழிப்பைத்தான்: ஒருவர் மூழ்கும்போது மற்றொருவர் மேலே இருந்து கவனிக்க வேண்டும். மூழ்கியவர் வெளியே வந்து குறைந்தது 30 விநாடிகள் ஆகும்வரை அவரிடமிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. மூழ்கிய நேரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு ஓய்வெடுத்த பின்னரே மீண்டும் மூழ்க வேண்டும். எவ்வளவு தேர்ந்தவரானாலும் தனியாக மூழ்கக் கூடாது.