பட்டாளத்துக்கு டிமிக்கியா? மகனுக்காகத் தன் நோயை வெளியே சொன்ன டாக்டர்!

ஜெர்மனியில் காப்பெல்ன் என்ற ஊரில் டாக்டராக இருந்தவர் ஜூலியஸ் தாம்சன். இவருடைய மகன் பட்டாளத்துக்கு டிமிக்கி கொடுக்க நோயாளி போல் நடிக்கிறான் என்று ராணுவத்தார் குற்றம் சாட்டினார்கள்.

பெற்ற மனம் பொறுக்குமா? தனக்கும் இதே நோய்தான், வம்சத்திலேயே இருக்கிறது என்று 1876-ல் வைத்திய பத்திரிகையில் எழுதிவிட்டார்!

கையை இறுக்கி மூடினால் சட்டென்று விரிக்க வராது. எழுந்து ஓடப் பார்த்தால் கால் கட்டை போல் விறைத்து, தடாலென்று விழுவார்கள். நாலு எட்டு நடந்தால் விறைப்பு தளர்ந்துவிடும். போதாததற்கு, பலருக்கு உடம்பு பயில்வான் கணக்காக இருக்கும். யார்தான் நம்புவார்கள்?

தசையில் குளோரைடு போய்வரும் வழியை அமைக்கும் ஜீனில் கோளாறு என்பது 1992-ல்தான் பிடிபட்டது. அடியோடு குணமாக்க மருந்து இல்லை. மெக்சிலெட்டின் மாத்திரை விறைப்பைக் குறைக்கும். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.