கிணறு உவராகாமல் அள்ளுவோம்

புது வருடம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் உறுதிமொழிகளுக்குக் குறைவிருக்காது. தினமும் ஒரு ஜுஸ்உ ஓதுவேன், சீனியைத் தொடமாட்டேன், மாதாமாதம் காசு சேர்ப்பேன், தையல் பழகுவேன், பிள்ளைகளிடம் கோபப்பட மாட்டேன்... ஜனவரி முதலாம் திகதியானாலும் சரி, முஹர்ரம் தலைப்பிறையானாலும் சரி, பட்டியல் நீளமானதுதான். ஒரு மாதம் கழிந்த பின் அதில் எத்தனை மிஞ்சுகின்றன? "எனக்கு மனவுறுதி போதாது" என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். ஆனால் சகோதரிகளே, பெரும்பாலும் குறை மனவுறுதியில் அல்ல, நாம் தொடங்கும் விதத்தில்தான் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துத் தீவுகளின் கிணறுகளைப் பாருங்கள். ஊர்காவற்துறையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ ஆறு கிடையாது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரி மழைதான் கிணறுகளுக்கு ஆதாரம். அந்த நீர் நிலத்துக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதே காரணம். வாளியால் அளவாக அள்ளினால் அந்தப் படை குலையாமல் இருக்கும். கிணறு நிறைந்திருக்கிறதே என்று இயந்திரம் வைத்து ஒரேயடியாக இறைத்தால், அடியிலிருக்கும் உவர் மேலே வந்துவிடும். பிறகு இறைப்பதை நிறுத்தினாலும் தண்ணீர் உடனே நல்லதாகிவிடாது. அடுத்த மாரி வரை காத்திருக்க நேரலாம்.

வருடத் தொடக்கத்தில் நம் உள்ளமும் மாரி முடிந்த கிணறு போல நிறைந்திருக்கிறது. அந்த உற்சாகத்தில் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே இறைத்துவிடுகிறோம். பிறகு சலிப்பு மேலெழுகிறது. குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம் உறுதிமொழிகளுக்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் உண்டா?

ஆகவே முதலில் ஒன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். அதையும் சிறிதாக்குங்கள். ஒரு ஜுஸ்உ வேண்டாம், ஒரு பக்கம் போதும். அடுத்து, அதற்கு ஒரு நேரத்தைக் கட்டிவையுங்கள். "நேரம் கிடைத்தால் செய்வேன்" என்பவளுக்கு நேரம் கிடைப்பதே இல்லை. நமக்கோ ஐவேளை பாங்கு இருக்கிறது. ஸுப்ஹுக்குப் பின் ஒரு பக்கம் ஓதுவேன், அஸருக்குப் பின் கால்மணி நேரம் தையல் பழகுவேன் என்று முடிவு செய்யுங்கள். தொழுகை இல்லாத நாட்களிலும் பாங்கு ஒலிக்கத்தான் செய்யும்; அந்த நாட்களில் திக்ரையோ தையலையோ அதே நேரத்தில் செய்தால் பழக்கம் அறுந்துபோகாது. வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். அந்தக் கால்மணி நேரம் உம்மாவுடையது என்று கணவரும் பிள்ளைகளும் அறிந்திருந்தால்தான் அது உங்களுக்குக் கிடைக்கும்.

எத்தனை நாளில் பழக்கமாகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் அச்சில் வெளிவந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறுவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18 நாட்கள் போதும், சிலருக்கு 254 நாட்கள் வரை வேண்டும் என்று அவர்கள் கணித்தார்கள். ஜனவரி முதலாம் திகதி தொடங்குபவருக்கு 66 நாள் என்பது மார்ச் முதல் வாரம். அதற்கு முன்பே "எனக்கு வராது" என்று தீர்ப்புச் சொல்லலாமா? இன்னொன்றையும் கண்டார்கள்: இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விருந்தாளிகள், ஒருநாள் தவறிவிட்டதா? மறுநாள் தொடருங்கள்.

ஆனால் சில தடைகள் ஒருநாளோடு முடிவதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். வடக்கிலிருந்து வெளியேறிய 70,000க்கும் மேற்பட்டோரில் பெருந்தொகையினர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள். வீடு கட்ட வேண்டும், மகளைப் படிப்பிக்க வேண்டும் என்று எத்தனை எண்ணங்கள் அந்த வீடுகளில் இருந்திருக்கும்! அந்த நிலையில் பெரிய திட்டம் எதையும் போட முடியாது. இன்று பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பலாம், நாளையும் அனுப்பலாம். கொட்டில்களிலிருந்த தாய்மார் அதைச் செய்தார்கள். அப்படிப் படித்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் பட்டதாரிகளாகவும் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். நம்முடைய சில்லறைத் தடைகளை அவர்களுடைய இழப்போடு ஒப்பிடவே முடியாது. என்றாலும் அவர்களிடமிருந்து கற்கலாம்.

எனவே இவ்வருடம் நீண்ட பட்டியலை மடித்து வையுங்கள். ஒன்றே ஒன்றை எழுதி, எந்த நேரத்தில் செய்வீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்து, அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். அது கையோடு ஒட்டிய பிறகு இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம். தொடங்கியதைத் தொடர்ந்து செய்யும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக!