நீண்டால் போதாது, திரும்பவும் வேண்டும்

ஜீ டிவியில் 'டான்ஸ் இந்தியா டான்ஸ்' நடனப் போட்டி தொடங்கியது 2009 ஜனவரியில். அப்படியொரு மேடையில் ஒருவர் காலைத் தலைக்கு மேல் தூக்கும்போது நடுவர்கள் பார்ப்பது உடம்பை. ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்வருகிறவர் கண் துணியின் மேல்தான் விழும். எனக்கும் இரண்டாவது பார்வையே பிடித்தம்.

முழங்காலை நன்றாக மடக்கினால் அதன் மேலுள்ள தோல் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக நீள்கிறது. உடையும் கூடவே நீள வேண்டும்; இல்லையென்றால் ஆட்டம் தடைபடும், அல்லது தையல் விடும். தறியில் நெய்த வேட்டியில் பாவும் ஊடும் ஏறக்குறைய நேராக ஓடுவதால், இழுத்தால் நூலையேதான் இழுக்கிறோம். அது அதிகம் நீளாது. பின்னல் துணியில் நூல் நேராக ஓடுவதே இல்லை. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியாகக் கோத்துப் போகிறது. கடைவாசலில் இழுத்து மூடும் கிரில் கேட்டில் கம்பி நீளுவதில்லை, கட்டங்களின் வடிவம்தான் மாறுகிறது. பனியன் துணி நீள்வதும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் அந்தரத்தில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவிய பிரெஞ்சு வித்தைக்காரர் ஜூல் லியோடார் உடம்போடு ஒட்டிய பின்னலாடையைத்தான் அணிந்தார்.

நீள்வது எளிது; பழைய அளவுக்குத் திரும்புவதுதான் கஷ்டம். பருத்திக் கண்ணி இழுத்த இடத்திலேயே தங்கிவிடும். பழைய பேன்ட்டின் முழங்கால் தொங்கிப் போவது அதனால்தான். இதற்கு 1958இல் விடை கண்டவர், அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்து வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ். நாம் லைக்ரா என்று சொல்லும் எலாஸ்டேன் இழை அவர் உருவாக்கியது. அதன் மூலக்கூறில் மென்மையான பகுதிகளும் கெட்டியான பகுதிகளும் மாறிமாறி வரும். மென்பகுதிகள் சுருண்டு மடங்கிக் கிடக்கின்றன. இழுத்தால் நிமிரும், விட்டால் வெப்ப அசைவே அவற்றை மீண்டும் கலைத்துச் சுருட்டிவிடும். கெட்டிப் பகுதிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சங்கிலிகள் நழுவாமல் காக்கின்றன. இந்த இழை ஐந்து மடங்கு நீண்டும் திரும்பும்.

துணியில் இது நூற்றுக்கு ஐந்து பங்கு இருந்தாலே போதும். வட்ட நிட்டிங் மிஷினில் பருத்தி நூலோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். அப்புறம் ஸ்டென்டர் என்னும் துணி விரிக்கும் மிஷினில் சுமார் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் விரித்துப் பதப்படுத்த வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் அளவு நிற்காது. சூடு மிஞ்சினால் இழையின் உயிரே போய்விடும். தையலும் துணியோடு நீளவேண்டுமே! சாதாரணத் தையல் இழுத்தால் அறுந்துவிடும் என்பதால் ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் போடுகிறார்கள். அந்தத் தையலும் கண்ணிகளால் ஆனதுதான்.

பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு லைக்ரா உடை எடுத்திருந்தால் குளோரின் பிளீச் போடாதீர்கள். சூடான இஸ்திரியும் வேண்டாம். இரண்டும் அந்த ஐந்து பங்கைத்தான் முதலில் கெடுக்கும்.