பிக்கப் வண்டிக்கு அலுமினிய பாடி

சிலமலை, போடி பகுதியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு உரமும் மருந்தும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளின் பாடி பெரும்பாலும் இரும்புத் தகடே. மலை ஈரத்துக்கும் சிந்தும் பொட்டாஷ் உரத்துக்கும் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 2015 மாடல் எஃப்-150 பிக்கப்புக்கு அலுமினியக் கலவையில் பாடி அமைத்து, வண்டி எடையில் சுமார் 300 கிலோ வரை குறைத்தது. ஒரே அளவு கட்டியை நிறுத்தால் அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். செந்துருவும் ஏறாது.

ஆனால் நம் தோட்டத்துக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. ஏலத்தில் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கிறோம். கலவையில் கத்தியை நனைத்து, செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதாது என்று அறிகிறோம் அல்லவா? மயில்துத்தக் கரைசல் அலுமினியத்திலும் அவ்வாறே செம்பைப் படியவிட்டு, தகட்டை அரித்து ஓட்டையாக்கும். சுண்ணாம்பு நீரும் அதற்கு ஆகாது. ஆகவே இவற்றை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் மட்டுமே ஏற்ற வேண்டும். சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும்.

பாடி இரும்புச் சட்டத்தின் மேல் உட்காரும் இடங்களில் ரப்பர் பட்டை வைக்கச் சொல்லவும். ஈரத்தில் இரு உலோகங்களும் தொட்டால் அரிப்பு அங்கேதான் தொடங்கும். பழைய வண்டிக்குப் பாடி மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. தகடு கிழிந்தால் இரும்புக்குச் செய்யும் சாதாரண வெல்டிங் உதவாது. ஆர்கான் வாயு வெல்டிங் செய்யும் பட்டறை பக்கத்தில் உள்ளதா என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்கலாம்.