கணக்குக்கும் எல்லை உண்டு!

கிணற்றில் ஒரு கல்லைப் போடுகிறோம். அது எவ்வளவு தூரம் இறங்கியது என்று அறிய எளிய வழி உண்டு. கழிந்த விநாடிகளை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 4.9 ஆல் பெருக்கினால் மீட்டர் கணக்கு வந்துவிடும். ஒரு விநாடியில் 4.9 மீட்டர், இரண்டு விநாடியில் 19.6 மீட்டர்.

மூன்று விநாடியானால்? 44.1 மீட்டர் என்கிறது சூத்திரம். ஆனால் 19.6 மீட்டரிலேயே தண்ணீர் வந்துவிட்டதே! சரி, கல்லை விடுவதற்கு ஒரு விநாடி முன்பு? மைனஸ் ஒன்றை மைனஸ் ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதான். ஆகவே, கையிலேயே இருக்கும் கல் 4.9 மீட்டர் இறங்கிவிட்டது என்று சாதிக்கும் சூத்திரம்!

பூஜ்யத்திலிருந்து இரண்டு விநாடி வரைதான் அதன் ராஜ்யம். இந்த எல்லைக்குக் கணித நூல்கள் ‘சார்பகம்’ என்று பெயர் சூட்டியிருக்கின்றன. அதை வகுப்பது சூத்திரம் மட்டுமல்ல, கிணறும்தான். பஸ் வசூல் கணக்கானால் பயணிகளின் தொகை முழு எண்ணாகவே இருக்க வேண்டும்; இரண்டரைப் பயணி கிடையாது.

பரீட்சையில் இதை மறந்தால் மார்க்கு போகும். வெளியுலகில் உயிரே போகலாம்.

ஏழு உயிர்கள்

அமெரிக்காவின் ‘சாலஞ்சர்’ விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று புறப்பட இருந்தது. அதை உந்திச் செல்லும் ராக்கெட்டுகளின் இணைப்புகளில், சூடான வாயு கசியாமல் தடுக்க ரப்பர் வளையங்கள் இருந்தன. முந்தைய 24 பயணங்களிலும் விண்கலங்கள் பத்திரமாகத் திரும்பியிருந்தன. ஆனால் அவற்றில் மிகக் குளிரான பயணத்தின்போதும் வளையங்களின் உஷ்ணநிலை சுமார் 53 டிகிரி பாரன்ஹீட் இருந்தது. அதற்குக் கீழே என்ன நடக்கும் என்பதற்கு அனுபவம் இல்லை. ஆகவே புறப்பட வேண்டாம் என்று முதல்நாள் இரவே ராக்கெட் தயாரித்த கம்பெனியின் என்ஜினீயர்கள் எச்சரித்தார்கள். மேலாளர்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலை, சுமார் 36 டிகிரிக் குளிரில் விண்கலம் கிளம்பியது. 73 விநாடிகளில் சிதறியது. எழுவர் மாண்டனர்.

விசாரணைக் குழுவில் இருந்த பௌதிக மேதை ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டை இடுக்கியால் நெருக்கி, ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தார். இடுக்கியைத் தளர்த்தியதும் அது பழைய உருவுக்கு உடனே திரும்பவில்லை. குளிரில் ரப்பர் மீளும் சக்தியை இழந்தது எல்லோருக்கும் விளங்கிற்று.

24 வெற்றிகளும் பொய்யல்ல. ஆனால் அவை அந்தக் குளிருக்கு ஜாமீன் நிற்கவில்லை. விடை என்ன என்று கேட்குமுன், இந்தக் கணக்கு எதுவரை செல்லும் என்று கேட்பதே புத்திசாலித்தனம்.